ராய்ஸ்டன் எழுதிக் கொடுத்த இரண்டாம் வகை

ராய்ஸ்டன் ஹெப்வொர்த்துக்கு வருகிற கடிதங்களில் யாரும் அவர் நலத்தை விசாரிப்பதில்லை. நாலு மங்கலான புகைப்படங்கள், கூடவே ஒரு கேள்வி: இது எந்த வகை சேஸிஸ்? ஹாலிஃபாக்ஸ் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கார் கிளப்பில் இருபத்திரண்டு வருஷமாக சேஸிஸ் பதிவாளர். சம்பளம் கிடையாது. நன்றியும் எப்போதாவதுதான்.

எங்கள் கார்கள் ஷோரூமில் வாங்கியவை அல்ல. பிரின்டில் என்றொரு சின்னக் கம்பெனி சேஸிஸ் என்கிற குழாய்ச் சட்டத்தையும் மேல்கூட்டையும் தனித்தனியாக விற்றது. துருப்பிடித்த பழைய கார் ஒன்றைப் பிரித்து எஞ்சினை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டில் வைத்து நாங்களே பூட்டிக்கொண்டோம். கம்பெனி மூடி முப்பது வருஷமாகிறது. சேஸிஸ் எண்ணும் வகையும் பொறித்த தகட்டைப் பெயிண்ட் அடிக்கக் கழற்றி, வைத்த இடத்தை மறந்தவர்கள் எங்களில் பாதிப்பேர். நாலு கை மாறி வரும் அந்தக் கார்களுக்கு ஜாதகம் பார்ப்பதுதான் ராய்ஸ்டனின் வேலை.

முதல் வகைச் சட்டத்தில் இருக்கைக்குப் பின்னால் போகும் குழாய் மெல்லியது. சீட் பெல்ட்டை அதில்தான் முடுக்க வேண்டும். பலமாக மோதினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இரண்டாம் வகையில் அதைத் தடிப்பாக்கினார்கள், கால் வைக்கும் இடத்தில் ஒரு குறுக்குக் குழாயும் சேர்த்தார்கள். பின்குழாய் தகட்டுக்குள் மறைந்திருக்கும்; குறுக்குக் குழாய் போட்டோவிலேயே தெரியும். அதைப் பார்த்துத்தான் ராய்ஸ்டன் ‘இரண்டாம் வகை’ என்று கடிதம் எழுதிக் கொடுப்பார்.

போன ஏப்ரலில், போதும், கண்ணும் முதுகும் போய்விட்டது, வேறு ஆளைப் பாருங்கள் என்றார். கிளப் செயலாளரான நான் வழக்கம்போல் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன். வேறு ஆள் எங்கே இருக்கிறான்?

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்யும் வெர்னா கிளெக் தன் காரை அவர் கேரேஜுக்குக் கொண்டுவந்தாள். வாங்கி இரண்டு மாதம்தான். இருக்கைக்குப் பின்னால் ஏதோ கடகடக்கிறது என்றாள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

ராய்ஸ்டன் பின்தகட்டை எடுத்து, பெல்ட் போல்ட்டைக் கழற்றினார். அந்த ஓட்டைக்குள் அளவுக் கருவியை விட்டு, குழாய் எவ்வளவு தடிப்பு என்று பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். பிறகு முன்பக்கம் போய், முனகிக்கொண்டே மல்லாந்து படுத்து, குறுக்குக் குழாயை டார்ச் அடித்துப் பார்த்தார். வெல்டிங் மொத்தையாக, வீட்டு வேலையாக இருந்தது.

“இது முதல் வகை. குறுக்க இருக்கிறத எவனோ வீட்ல ஒட்டியிருக்கான்” என்றார்.

“எதுக்கு ஒட்டணும்?” என்றேன்.

“நான் சொன்னேன்னுதான்.”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் கிளப் இதழில் அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். முதல் வகையில் கால் பக்கம் ஆடினால், இரண்டாம் வகையில் இருப்பது போல ஒரு குறுக்குக் குழாய் வைத்துக்கொள்ளுங்கள், அரைநாள் வேலை என்று படம் போட்டுக் காட்டியிருந்தார். நாங்கள் பேச்சைக் கேட்கிறவர்கள் இல்லை. ஆனால் படமும் அளவும் கிடைத்துவிட்டால் விடமாட்டோம். எத்தனை பேர் ஒட்டினார்களோ! அந்தக் கார்களெல்லாம் போட்டோவில் இரண்டாம் வகையாகத்தான் தெரியும்.

வெர்னா காருக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். ‘இரண்டாம் வகை’ என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்து.

“இத நம்பித்தான் வாங்கினேன். ரெண்டு மாசமா என் பொண்ண தினமும் இதுல பெல்ட் போட்டு உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

“நாந்தான் எழுதினேன், வெர்னா. தப்பா எழுதிட்டேன்.”

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குழந்தையின் குஷனை மட்டும் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, எங்கள்மேல்தான் வந்தது. நேரில் போய் அளக்க ஓர் ஆளைத் துணைக்குக் கொடுக்காமல், போட்டோவைப் பார்த்தே சீக்கிரம் சொல்லுங்கள் என்று வருஷக்கணக்காக அவரை நச்சரித்தவர்கள் நாங்கள். அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று மட்டும் சொன்னேன்.

“ஆகலன்னு உனக்கெப்படித் தெரியும்?” என்றார்.

வீட்டுக்குள் போய்க் கடித நகல்கள் இருந்த பெட்டியை இழுத்தார். நூற்று அறுபதுக்கு மேல் இருந்தன. நான் போட்டுக் கொடுத்த டீயைத் தொடவே இல்லை. மேலே இருந்த நகலை எடுத்து, பென்ரித்தில் இருக்கும் ஆர்ச்சி டன்வெல் என்பவரை ஃபோனில் கூப்பிட்டார். அந்த மனிதருக்கு ஒரே சந்தோஷம். உங்கள் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கேரேஜில் மாட்டியிருக்கிறேன் என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

“அது கெடக்கட்டும். வண்டி எங்க?” என்றார் ராய்ஸ்டன்.

மகளும் மருமகனும் எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போயிருக்கிறார்களாம். நல்ல வெயிலாம், வந்துவிடுவார்களாம். மலைப்பாதையில் ஃபோன் எடுக்காதாம்.

ராய்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஆர்ச்சி, அவங்க வந்து சேர்ற வரைக்கும் ஃபோன வைக்காதீங்க” என்றார்.