சிஞ்ஞோரா அசுந்தாவோடு ஆடிய சனிக்கிழமைகள்

மன்னாரிலிருந்து வந்த கிளறா, இத்தாலியின் பலெர்மோ நகரில் பதினோராவது வருடம், லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோரா அசுந்தா என்ற இத்தாலிய அம்மாவைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கணவனை இழந்திருந்த சிஞ்ஞோராவுக்கு வயது எழுபத்தாறு. அந்த வயதில் ஹவாய்த் தீவுகளின் ஹூலா நடனம் பழகப்போவதாக அவர் சொன்னபோது அவருடைய மகள் தன் தலையில் கை வைத்தாள். கடைசியில், விழாமல் பிடித்துக்கொள்ளக் கிளறாவும் கூடப் போகவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு விட்டுவிட்டாள்.

ஹூலா பள்ளியை நடத்திய நொயெமி பலெர்மோக்காரிதான். ஹவாயில் ஆறு வருடம் இருந்து கற்றவள். அவளுடைய வகுப்புக்குள் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. வாசலில் நின்று அந்தத் தீவு மொழியில் பாடி அனுமதி கேட்கவேண்டும். உள்ளேயிருந்து அவள் பதில் பாடிய பிறகே காலை எடுத்து வைக்கலாம். பாட்டின் பொருள் தெரியாமல் ஒரு கையசைக்கவும் விடமாட்டாள்.

முதல் சில மாதங்கள் கிளறா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். பிறகு சிஞ்ஞோராவுக்கு அடிகள் மறக்கத் தொடங்கின. அடுத்ததாக அயல்வீட்டுக்காரியின் பெயர் மறந்தது. அடுப்பை அணைக்க மறந்தது. முன்னால் நின்று ஆடிக்காட்ட அவருக்கு ஒருவர் தேவைப்பட்டபோது கிளறா எழுந்தாள். நாற்பத்தேழு வயதில் அவள் ஆடப் பழகியது அப்படித்தான். மொண்டெல்லோ கடற்கரையில் உணவகமொன்றில் வேலை செய்த அவள் கணவன் சுரேஸ் இரண்டு நாள் சிரித்தான்; மூன்றாம் நாள் பாவாடைக்குப் பூத்துணி வாங்கிவந்தான்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பள்ளி முழுவதும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகும். ஆடிவிட்டு உடனே திரும்பிவிடுவதில்லை. முதியவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுவார்கள், நகம் வெட்டிவிடுவார்கள். சிஞ்ஞோராவுக்கு அந்த நாள் மட்டும் மறக்கவில்லை.

2016 வசந்தத்தில் ஒரு காலை, கிளறா மருந்துக்கடைக்குப் போயிருந்த இருபது நிமிடத்துக்குள் சிஞ்ஞோரா படியிறங்கிப் போய்விட்டார். போர்கோ வெக்கியோ சந்தையில் வெறுங்காலோடு நின்றவரைப் பொலிஸார் கூட்டிவந்தார்கள். அந்த வாரமே மகள் தாயை அதே முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். கிளறாவுக்கு வேலை போயிற்று. வந்து பார்க்கவேண்டாம், அம்மா குழம்பிவிடுவார் என்றும் மகள் சொல்லிவிட்டாள்.

பள்ளியோடு போகும் சனிக்கிழமைதான் கிளறாவுக்கு மிஞ்சியது. முதல்முறை சிஞ்ஞோரா அவள் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போவோம் என்று கெஞ்சினார். கோடை முடிந்தபின் போனபோது, இந்தப் பெண்ணின் கை குளிர்கிறது என்று யாரிடமோ முறையிட்டார். நவம்பரில் போனபோது கட்டிலில் விரிப்பு இல்லை. அங்கே சமையலறையில் வேலை செய்த யோகாம்பாள் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள்.

“அக்கா, செவ்வாய்க்கிழமை காலமை மோசம் போயிட்டா. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?”

கிளறா தலையில் சூடிய பூவோடு நின்றாள். செத்தவீடும் முடிந்திருந்தது. நீ இன்று ஆடவேண்டாம், உட்கார் என்றாள் நொயெமி. கூடத்தில் சக்கர நாற்காலிகளை வரிசையாக வைத்துவிட்டிருந்தார்கள். கிழவர் ஒருவர் ஏற்கெனவே கைதட்டிக்கொண்டிருந்தார். கிளறா போய்த் தன் இடத்தில் நின்றாள். ஓர் அடியும் பிசகவில்லை. ஆடி முடித்து, பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டிக்குச் சூப் ஊட்டினாள்.

மறுநாள் சுரேஸோடு சேமக்காலைக்குப் போனாள். குடும்பக் கல்லறையின் இரும்புக்கதவு பூட்டியிருந்தது. கம்பிகளுக்கிடையால் பூவை வைத்துவிட்டு நெடுநேரம் வாய்க்குள் எதையோ சொன்னாள்.

“செபிச்சனியே?” என்று சுரேஸ் கேட்டான்.

“இல்லை. மருந்து வாங்கத்தான் போனனான் எண்டு சொன்னன்.”

தை மாதத்தில் வேறொரு வீட்டில் வேலை கிடைத்தது. எழுந்து நடக்கமுடியாத ஓய்வுபெற்ற ஆசிரியர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தனக்கு வேண்டுமென்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்றும் பள்ளியோடு அந்த இல்லத்துக்குப் போகிறாள். ஆடும்போது முகத்தில் சிரிப்பு வரவேண்டும் என்று மற்ற எல்லோரையும் திருத்தும் நொயெமி, அவளை மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.