குளச்சலுக்கு வந்த விமானக் கைப்பிடிகள்

சென்ற வாரம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விட்டதென்று ஆள் கூப்பிட்டிருந்தேன். அவர் ரெசின் டப்பாவைத் திறந்ததும் அதன் வாடை படியிறங்கி அடுக்களை வரை வந்துவிட்டது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். நான் மாடிக்கே ஏறிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வேலையைக் கண்காணிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார் பாவம். வாடை பிடிக்கத்தான் போனேன். என் வாலிபம் கழிந்ததே அந்த வாடையில்தான். சட்டை, தலைமுடி, சோறு பிசைகிற விரல் எல்லாம் மணக்கும். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், பையனுக்கு மருந்துக்கடையில் வேலையா என்று கேட்டார்கள்.

சுனாமிக்குப் பிந்தைய வருடங்கள் அவை. குளச்சல் கரை நெடுக உடைந்த பைபர் வள்ளங்கள் கிடந்தன. அவற்றை ஒட்டிச் சேர்க்கும் கொட்டகை ஒன்றில் நான் வேலை பார்த்தேன். ஒட்டிய வள்ளம் கடலில் இறங்கும்போது கரையில் நின்று பார்ப்பதில் அப்படி ஒரு பெருமை எனக்கு, நானே துடுப்புப் போட்ட மாதிரி.

என் தங்கை ஜெசிந்தா அஞ்சுகிராமம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் கடலுக்குப் போனவர்கள் உண்டு, வளைகுடாவுக்குப் போனவர்கள் உண்டு; விமானத்தைப் படிக்கப் போனவள் அவள் ஒருத்திதான். அலை வந்த அன்று சித்தப்பாவைக் கடல் கொண்டுபோயிற்று. அப்புறம் அப்பா கடலில் இறங்கவே இல்லை. விடுதியில் இருந்த ஜெசியையும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அவள் தினமும் நாகர்கோவிலில் பஸ் மாறிப் போய்வந்தாள். இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்ததும் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. கண்ணுக்கெட்டாத இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு உறக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னார். அதற்கு எதிராக என்ன பேசுவது?

அந்தச் சமயத்தில்தான் கல்லூரிக்கு ஒரு பழைய விமானம் வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு பறக்கும் பயிற்சிக் கழகம் கழித்துக்கட்டிய, நாலு பேர் உட்காரும் சின்ன விமானம். இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். இனி அது பறக்காது. மாணவர்கள் திறந்து பார்த்துப் படிப்பதற்கு. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, முன்னிருக்கைகள் இரண்டுக்கும் எதிரே இருந்த ஸ்டியரிங்குகளைத் தொட முடியவில்லை. யோக் என்று சொல்வாள் ஜெசி. காரில் இருப்பதுபோல முழு வட்டமல்ல, மேல்பாதி இல்லாமல் இரண்டு கொம்புகளோடு இருக்கும். உள்ளே உலோகம், மேலே கறுப்புப் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக் வெடித்துப் பிளந்து, பிடித்தால் கையைக் கிழித்தது. என் அண்ணன் ஒட்டுவான் என்று ஜெசி கையைத் தூக்கிவிட்டாள்.

இரண்டையும் துவர்த்துத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மாள், பிள்ளைக்கு வாங்கின சைக்கிளா என்று கேட்டாராம்.

நானும் பெரிய கைகாரன் தோரணையில் வள்ளத்துக்குப் பூசும் ரெசினையே குழைத்து விரிசலில் அப்பினேன். மறுநாள் அது மீன் செதிள் மாதிரி உரிந்து வந்தது. ஜெசி யார் யாரிடமோ விசாரித்து, இந்தப் பிளாஸ்டிக்குக்கு எப்பாக்ஸிப் பசைதான் பிடிக்கும் என்று நாகர்கோவிலில் வாங்கி வந்தாள். விரிசலை ரம்பப்பல்லால் கீறி அகலமாக்கி, எப்பாக்ஸியை அழுத்தி நிரப்பி, இறுகிய பிறகு தண்ணீர் தொட்டுத் தொட்டு எமரித்தாளில் தேய்க்க வேண்டும். சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் முற்றத்தில் தண்ணீர் பேசினுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து தேய்த்தோம். ஒருநாள் அவள் தலைநிமிராமல் சொன்னாள்.

“இதப் பூட்டினதும் ஒருக்கா புடிச்சுப் பாத்துட்டு, நான் நிறுத்திக்கிடுகேன் அண்ணே.”

நான் எமரித்தாளைக் கழுவினேன்.

அப்பா தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். கடலுக்குப் போகாதவருக்குப் பொழுது போக வேண்டுமே. ஒருநாள் தானாகவே ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். விரல் பதியும் பின்பக்கக் குழிகளை அவர்தான் வழவழப்பாக்கினார். இதை எப்படித் திருப்பினால் எங்கே போகும் என்று கேட்டார். இழுத்தால் மேலே ஏறும், தள்ளினால் கீழே இறங்கும் என்றாள் ஜெசி.

“அப்பம் நீ தள்ளாத” என்றார் அப்பா. அலைக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

பெயிண்ட் அடித்த அன்று மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் கறுப்பெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. திரும்பவும் தேய்த்து, திரும்பவும் அடித்தோம். இந்த முறை அம்மா அடுக்களையில் அடுப்புச் சூடு படுகிற ஓரமாக இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். இரண்டு நாள் எங்கள் மீன்குழம்பில் பெயிண்ட் வாசம்.

கல்லூரியில் பூட்டுகிற அன்று வீட்டாரையும் அழைத்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டி வந்தார். இடது இருக்கையில் அவரை உட்காரவைத்து, வலதுபக்கம் ஜெசி ஏறினாள். நான் திறந்திருந்த கதவருகே நின்றேன். அவள் தன்னுடையதை மெல்லத் திருப்பினாள். அப்பாவின் கையிலிருந்ததும் கூடவே திரும்பியது. இரண்டும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒருவர் அசைத்தால் மற்றவர் கையும் அசையும். அப்பாவுக்கு இது தெரியாது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

“நீ திருப்புகது எனக்க கையில தெரியுது மக்கா.”

“நீங்க இழுத்தா எனக்கும் தெரியும்ப்பா.”

அவர் இழுத்தார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வாலில் இருந்த பலகை மேலே எழும்பி நின்றது.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

“ஜெசிக்க பெட்டிய நாளைக்கி வெயில்ல வை. பூசணம் புடிச்சிருக்கும். ஹாஸ்டலுக்குக் கொண்டு போணும்லா?”

ஏன் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டு மனசு மாறிவிட்டால்? ஜெசி மட்டும் முகம் கழுவப் போகிறேன் என்று கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தாள்.

அவள் படித்து முடித்து இப்போது சார்ஜாவில் விமானங்களைப் பழுதுபார்க்கிறாள். அப்பா மறுவருடமே வேறொருவர் வள்ளத்தில் கடலுக்குப் போகத் தொடங்கி, முழங்கால் ஓயும்வரை போனார். சில வருடம் முன்பு படுக்கையில் நிம்மதியாகப் போய்ச்சேர்ந்தார். சேர ஆளில்லாமல் கல்லூரியில் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். விமானம் பழைய இரும்புக்குப் போனதாகக் கேள்வி. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ரோடு.

போனவற்றில் ஒன்றுக்காக மட்டும் நான் வருத்தப்படுவதில்லை. அலைக்குப் பிறகு எங்கள் தெருவில் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு வாசலில் வந்து நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் குரல் வரும்வரை விடமாட்டார்கள். ஒரு பெயருக்குப் பதில் தாமதித்தால் தெருவே எழுந்து நிற்கும். இப்போது ஊருக்குப் போனால், இருட்டு விழுந்த பிறகும் பிள்ளைகள் கடற்கரை மணலில் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் கூப்பிடுவதில்லை. அந்தக் குரல்கள் எப்போது நின்றன என்று நானும் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவருக்கும் நினைவில்லை.