உதிர்ந்த புள்ளிகள்

சுவரில் கொசுவைப் பார்த்தால் நாம் கையை ஓங்குவோம். அவள் மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு கிட்டே போவாள். வாலைத் தூக்கித் தலையைத் தாழ்த்தி, சுவரில் சரிவாக அடித்த ஆணி போல உட்கார்ந்திருந்தால் அது மலேரியா இனம். கூன் போட்டுச் சுவரோடு படிந்திருந்தால் வேறு இனம். இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

ஆபீசில் அவள் பூச்சி சேகரிப்பாளர். தெருக்களில் கொசுக்காரம்மா. விடிந்ததும் டார்ச், உறிஞ்சு குழல், வலைத்துணி கட்டிய காகிதக் கோப்பைகள் சகிதம் கிளம்பிவிடுவாள். கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் டார்ச் அடித்து, குழலின் ஒரு முனையை வாயில் வைத்து, கொசுவை நோகாமல் உறிஞ்சிக் கோப்பைக்குள் ஊதிவிடுவாள். எந்த வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுக்கிறார்கள் என்பது வரை அவளுக்குத் தெரியும். ஒருவரிடமும் வாயைத் திறந்ததில்லை.

அப்படிப்பட்டவளை ஒரு வார்த்தை சாய்த்துவிட்டது.

சொன்னவள் அவளுடைய நாத்தனார். கணவனுக்கு ஒரே தங்கை. நாற்பது வயதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். குடும்பம் முழுக்கக் கூடியிருந்த ஒரு பகல் சாப்பாட்டில், அண்ணி சமைத்த குழம்பை இலையில் வாங்கிக்கொண்டே பாப்பா சொன்னாள்: "அண்ணி கைப்பக்குவத்துக்குக் குறையே இல்லை. ஆனா காலையில எத்தனை கொசுவை உறிஞ்சின வாயோ, அந்த வாயாலதானே உப்பு பாத்து இறக்கியிருப்பாங்க."

கூடம் அதிர்ந்தது. எல்லாச் சிரிப்புக்கும் மேலே கேட்ட சிரிப்பு அவள் கணவனுடையது. பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அவள் மெதுவாகக் கீழே வைத்தாள். அன்றோடு பாப்பாவுடன் பேச்சு நின்றது.

விதி சும்மா இருக்குமா? அந்த வருடம் பாப்பா குடியிருந்த பகுதியிலேயே காய்ச்சல் கிளம்பியது. தெருத் தெருவாகக் கொசு பிடிக்க உத்தரவு வந்தது. பாப்பாவின் தெரு அவள் பங்கில் விழுந்தது.

பாப்பா கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். சாமான் அறையின் இருட்டு மூலையில், அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால், சாய்ந்து உட்கார்ந்திருந்த சில கொசுக்கள் கிடைத்தன. திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "மனுசங்களைத்தான் பாக்க வரமாட்டாங்க. கொசுவைப் பாக்கவாவது வந்தாங்களே."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையைக் கையில் ஏந்தித்தான் கொண்டுபோக வேண்டும். கோபத்தில் அதைப் பைக்குள் திணித்தாள். அதன் மேல் டார்ச்சைப் போட்டாள்.

ஆபீசில் திறந்து பார்த்தபோது கோப்பை நசுங்கியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். ஊசிமூக்குக்கு இரண்டு பக்கமும் அதே நீளத்துக்கு விரல் மாதிரி இரண்டு நீட்டங்கள். ஆகவே மலேரியா இனம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இனத்திலும் அந்தப் பக்கம் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆபீசில் மாட்டுக் கொசு என்பார்கள்; மாட்டுக் கொட்டகையே கதியென்று கிடக்கும், மனிதரை அதிகம் சீண்டாது. இன்னொன்று தொட்டிக் கொசு. மாடித் தொட்டியின் நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, வீட்டுக்குள் ஆளைத் தேடி வரும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது காலில் தூவினாற்போல இருக்கும் வெள்ளைச் செதில் புள்ளிகள். தொட்டிக் கொசுவுக்கு உண்டு, மாட்டுக் கொசுவுக்குக் கிடையாது.

அவள் முன்னால் இருந்த கொசுக்களின் காலில் புள்ளி இல்லை. ஆனால் சிறகிலும் செதில் இல்லை. எல்லாம் உரசி உதிர்ந்து கோப்பையின் அடியில் மாவு மாதிரி கிடந்தன.

அப்படியிருந்தால் 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுத வேண்டும். மறுநாள் அதே வீட்டுக்குப் போய் மறுபடி பிடிக்க வேண்டும். மறுபடி அந்தக் கதவு, அந்தக் குரல்.

தெருவுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது அவளுக்கு வசதியாக ஞாபகம் வந்தது. பேனா ஒரு கணம் நின்றது. பிறகு 'மாட்டுக் கொசு' என்று எழுதியது. மருந்து ஊற்றும் ஆட்கள் அந்தத் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

அன்று மாலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் கணவன் கேட்டான். "பாப்பா வீட்டுல பிடிச்சியாமே. என்ன கொசு?"

"மாட்டுக் கொசு."

"அப்ப பயமில்லையா?"

"இல்லை."

அவன் வாசல் பக்கம் போய்த் தங்கைக்குப் போன் செய்தான். 'உன் அண்ணியே சொல்லிட்டா' என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

சில வாரங்கள் கழித்து பாப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். மலேரியா. அதுவும் மூளைக்கு ஏறக்கூடிய வகை. கணவனோடு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதும் அவள் மனம் சமாதானம் தேடியது. வேறு எங்காவது கடித்திருக்கலாம். காலில் நிஜமாகவே புள்ளி இல்லாமல் இருந்திருக்கலாம். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள மனதுக்கு எத்தனை சாமர்த்தியம்!

பாப்பா பாதி மயக்கத்தில் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல கொசுவலை கட்ட மாட்டீங்களா?" என்றாள் நர்ஸ்.

"கட்டிட்டுத்தான் இருந்தேன். எங்க அண்ணி கொசு ஆபீஸ். அவங்க பாத்துட்டு பயமில்லைன்னாங்க. அதான் வலையைக் கழட்டி மடிச்சு வச்சுட்டேன். அவங்க சொன்னா சரியா இருக்கும்."

அண்ணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எல்லோர் முன்னாலும் கேலி செய்தவள், அதே அண்ணியின் வார்த்தையை நம்பி வலையைக் கழற்றியிருக்கிறாள். தன்னை மதிக்கவே தெரியாதவள் என்று யாரை வெறுத்தாளோ, அவளைவிடத் தன் வேலையை மதித்தவர் யாருமில்லை. அந்த மதிப்புக்குத்தான் அண்ணி விஷம் வைத்திருக்கிறாள்.

உள்ளே போகாமல் நேரே ஆபீசுக்குப் போனாள்.

"சார், அந்தத் தெரு ரிப்போர்ட் தப்பு. நான்தான் தப்பா எழுதினேன்."

ஆபீசர் நிமிர்ந்தார். "தெரியாமலா?"

"புள்ளி இருந்துதா இல்லையான்னு தெரியலை சார். தெரியலைன்னு எழுதாம விட்டது, தெரிஞ்சேதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்களுக்கு மெமோ கொடுத்தாகணும். அது பின்னால வரும். அந்தத் தெருவுல இன்னும் ஜனங்க தூங்குறாங்க. முதல்ல போய்ப் பிடிச்சுட்டு வாங்க."

பாப்பா வீட்டு மாடிக்கு ஏறினாள். தொட்டியின் மூடி உடைந்திருந்தது. அகப்பையால் மொண்டு பார்த்தாள். புழுக்கள் தலைகீழாகத் தொங்கவில்லை. மலேரியா இனத்துப் புழுக்களுக்கே உரிய விதமாக, தண்ணீரின் மேல் துரும்பு போல மட்டமாகப் படுத்திருந்தன. சாமான் அறையில் கிடைத்த ஒரே கொசுவைக் கையிலேயே ஏந்திக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். மைக்ரோஸ்கோப்பில் வெள்ளைப் புள்ளிகள், கோலப்பொடி தூவினாற்போலத் துல்லியமாக. அவளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

பொழுது சாய்வதற்குள் தெருவின் தொட்டிகளுக்கெல்லாம் மருந்து போனது. அதன் பிறகு அந்தத் தெருவில் வேறு யாரும் காய்ச்சலில் படுக்கவில்லை. பாப்பாவும் பிழைத்துக்கொண்டாள்.

எழுந்து உட்கார்ந்த அன்று பாப்பா கேட்டாள். "அண்ணி, வீட்டுக்குப் போனதும் வலையைத் திரும்பக் கட்டணுமா? நீங்க சொல்லுங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நசுங்கிய கோப்பையை, நின்ற பேனாவை, எதையும் மறைக்கவில்லை.

பாப்பா போர்வை நுனியைப் பிடித்து முறுக்கினாள். "அன்னைக்கு நான் பேசின பேச்சுக்காகவா?"

"உன் முகத்துல மறுபடி முழிக்கப் பிடிக்காம."

"சத்தமா சிரிச்சது அண்ணன். அவரோட நல்லாத்தானே குடும்பம் நடத்துறீங்க." பாப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இப்ப போங்க அண்ணி. நான் கொஞ்சம் தனியா இருக்கணும்."

மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அது அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. ஆனால் மறு ஆய்வுக்காக மீண்டும் அந்த வீட்டு வாசலில் நின்றபோது, மணியை அழுத்தத்தான் விரல் வரவில்லை.

கதவு தானாகத் திறந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்த பாப்பா ஒதுங்கி வழிவிட்டாள். சாமான் அறைக்கு அவளே பின்னால் வந்து பெட்டிகளை நகர்த்தினாள். ஒரு கொசு கிடைத்தது.

கோப்பையின் வலைத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, பாப்பா சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து வந்தாள். கோப்பை ஆடாமலிருக்க அடியில் ஈரத்துணி மடித்து வைத்திருந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா பொய். இன்னும் ஆறலை," என்றாள். "இதுல வச்சு எடுத்துட்டுப் போங்க அண்ணி. பையில திணிக்காதீங்க."

பஸ்ஸில் அவள் அந்தத் தூக்கை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் சற்றே உயர்த்திக்கொண்டாள்.

"சாப்பாடா?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்.

"இல்லை," என்றாள் அவள். "என் நாத்தனார் நம்பிக் கொடுத்தது."