‘வணக்கம்’ போடுமுன் எழுந்து வந்தவர்

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் மூத்த மகளாகிய நான் வணங்கி வரவேற்கிறேன். அம்மாவின் குணநலன்களை எழுதித் தரும்படி தம்பி கேட்டான். எழுத உட்கார்ந்தால் சினிமாதான் ஞாபகத்துக்கு வருகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது ஸ்ரீரங்கத்தில். திருமணமாகி வந்தது கைலாசபுரம் குடியிருப்புக்கு. அப்பா அங்கே தொழிற்சாலையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்குப் பஸ் ஏறி, சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி நடப்போம். அம்மாவால் வாயை மூடிக்கொண்டு படம் பார்க்க முடியாது. “ஆத்துல விழுந்து எந்திரிச்சிருக்கா, பொட்டு கலையல பாருங்க” என்பார் அப்பாவிடம். சண்டை முடிந்ததும், “சட்டை கசங்கவே இல்லை. இஸ்திரி போட்டவருக்குத்தாங்க கைதட்டணும்” என்பார். முன் வரிசைக்காரர்கள் முறைப்பதற்காகத் திரும்பி, சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் எங்கள் குடும்பம் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. கடைசிக் காட்சி தொடங்கியதுமே, திரையில் ‘வணக்கம்’ போடும்வரை காத்திராமல், அம்மா எழுந்துவிடுவார். “கிளம்புங்க, கிளம்புங்க. கூட்டம் வந்துட்டா பஸ்ல ஏற முடியாது.” இருட்டில் யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியே வருவோம். பஸ்ஸில் உட்கார்ந்ததும், தான் பார்க்காத முடிவை அம்மா எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். குத்துப்பட்டவன் பிழைத்துக்கொள்வான். ஊரைவிட்டுப் போனவள் திரும்பி வந்து எல்லாருக்கும் காபி போடுவாள். அந்தப் படங்களைப் பிற்பாடு டிவியில் பார்த்தபோதுதான், அவர்களில் பாதிப் பேர் செத்துப்போனது எனக்குத் தெரிந்தது.

நாங்கள் கல்லூரியில் படிக்கும்போது, வேலைக்குப் போன இடத்தில் அப்பா மாரடைப்பால் காலமானார். உடலை எடுக்கும் நேரத்தில் கடைசியாக முகத்தைப் பார்க்க அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா உள்ளறையை விட்டு வரவில்லை. உறவினர்கள் சிலருக்கு இன்றுவரை அதில் மனத்தாங்கல் உண்டு.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, தென்னூரில் வாடகை வீட்டுக்கு வந்தோம். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து அம்மா எங்கள் இருவரையும் ஆளாக்கினார். அந்தக் கஷ்டத்தை அவர் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. வெகுநாள் கழித்து, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தியேட்டருக்கு அவரை அழைத்துப் போனோம். அங்கேயும் கடைசிக் காட்சியில் எழுந்துவிட்டார்.

“இப்ப எந்த பஸ்ஸும்மா போயிடப் போகுது?” என்றான் தம்பி.

வாசலுக்கு வந்த பிறகுதான் அம்மா பதில் சொன்னார். “முடியறதைப் பாத்தாத்தாண்டா முடிஞ்சு போகுது. பாக்காம வந்துட்டா, அவங்க பாட்டுக்கு உள்ள பேசிக்கிட்டே இருப்பாங்க.”

யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்பாவை எடுத்த அன்று மனம் வருந்திய உறவினர்களுக்கு இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

சென்ற ஆண்டு மருத்துவமனையில் கடைசி நாளன்று மாலை, அம்மா கண் திறந்து எங்களைப் பார்த்தார். “கிளம்புங்க. கூட்டம் ஏறிடும்” என்றார். தம்பியின் கார் கீழே நின்றுகொண்டிருந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே, ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்று கீழே போனோம். திரும்பி வருவதற்குள் அம்மா போய்விட்டார்.

இப்போதும் டிவியில் சண்டைக் காட்சி முடிந்தால், பக்கத்து நாற்காலியிலிருந்து அந்த இஸ்திரிப் பேச்சு எனக்குக் கேட்கிறது. நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. திரும்பாதவரை அங்கே ஆள் இருக்கிறது. கடைசிக் காட்சி வந்ததும் டிவியை அணைத்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், எங்களுக்கு வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த தென்னூர் அண்டை வீட்டாருக்கும், எல்லாக் காரியங்களையும் முன்நின்று நடத்திய ஸ்ரீரங்கத்து மாமா குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. கடைசி நேரத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த செவிலியர் சகோதரிக்கு என்ன கைம்மாறு செய்வோம்? “அக்கா, கடைசியில அம்மா என்ன சொன்னாங்கன்னா…” என்று அன்று அவர் ஆரம்பித்தார். வேண்டாம் என்று கைகூப்பினேன். இன்றைக்கு அவரையும் அழைத்திருக்கிறோம். யாராவது அவரிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம். பார்க்காத முடிவை எங்களுக்குச் சொல்கிறவர் அம்மாதான்.