வெள்ளைச் சாம்பல்

என்னைத் தெருவில் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். பல்லி விழுந்தால் தறியை விட்டு எழுந்துவிடுவேன். மழைக்காலத்தில் ஈரச் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தொட மாட்டேன். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிச் சிரிப்பதில் முதல் ஆள் என் மனைவி. ஆனால் நான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கும் விஷயத்தில், பயப்பட வேண்டிய ஐந்து மாதமும் எனக்குப் பயமே வரவில்லை. தோட்டக்காரன் ஆகிவிட்ட பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

தோட்டம் ஆரம்பித்ததே பயத்தினால்தான். எங்களுக்கு இரண்டு முறை கரு நின்று கலைந்துபோயிருந்தது. மூன்றாவது முறை தங்குவதற்கு முன்பே சுகாதார நிலையத்து டாக்டரம்மா, மனைவிக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது, தினமும் கீரை சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். கடைக் கீரை எந்தச் சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்ததோ என்று எனக்குச் சந்தேகம். நாமே போட்டுவிடலாம் என்று மொட்டை மாடியில் வேலையை ஆரம்பித்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு மாதிரி வீடுகளில் மண் கிடையாது, மாடிதான் உண்டு. மண்ணுக்குப் பதில் உரம் செய்துகொண்டேன். மூன்று நீல டிரம்மில் ஓட்டை போட்டு, காய்கறித் தோல், டீத்தூள், கோயில் வாசலில் குவிந்து கிடக்கும் வாடிய மாலைகள் எல்லாவற்றையும் போட்டேன். மாலையில் நைலான் நூல் இருந்தால் உட்கார்ந்து உருவுவேன், வாழைநாராக இருந்தால் அப்படியே உள்ளே போகும். காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போடும்போது சட்டியில் மிஞ்சுகிற கஞ்சியை வாங்கி வந்து ஊற்றுவேன். என் தறியில் விழும் பட்டு நூல் துணுக்கைக்கூட விடவில்லை. அது மட்டும் மக்க மாட்டேன் என்று மாதக்கணக்கில் பளபளவென்று உள்ளேயே கிடந்தது.

மூன்றாவது கரு தங்கியது. இரண்டாம் மாதத்திலிருந்தே அவளுக்கு வாந்தி. மாடி டிரம்மின் வாடை படிக்கட்டு வழியாக இறங்கி வந்தால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள்.

“ஏங்க, ஒங்க டிரம்மு வேணுமா நான் வேணுமா, சொல்லிடுங்க” என்றாள் ஒருநாள்.

வாடை போகச் சாம்பல் தூவ வேண்டும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சாம்பலுக்கு எங்கே போவது என்ற கவலையும் இல்லை. இரண்டு தெரு தள்ளி எனக்குத் தெரிந்த சாயக்காரர் இருக்கிறார். சவுக்கு விறகு போட்டுச் சாயத் தொட்டி காய்ச்சுகிறவர். அவர் கொல்லையில் சுவரோரம் சாம்பல் குமி குமியாக இருக்கும். கேட்டால் வேண்டிய மட்டும் அள்ளிக்கொள் என்பார்.

அங்கேதான் என் நெசவுப் புத்தி வேலை செய்தது. சாயம் நிற்கிறதா என்று பார்க்க, நனைத்த வெள்ளைத் துணியை நூலின்மேல் அழுத்தி இழுப்பது எங்கள் வழக்கம். துணியில் கறை ஏறாவிட்டால் சரக்கு சுத்தம். சாயக்காரர் வீட்டுச் சாம்பலில் சாயம் ஏதாவது கலந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது, சந்தேகம் வந்தவரைக்கும் நல்லதுதான். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு குமியிலும் தொட்டு இழுத்துப் பார்த்தேன். மற்ற குமிகள் கரி கரியாக அப்பின. கடைசியில், மூலையில் இருந்த குமி மட்டும் சலித்த மாவு போல வெள்ளையாக இருந்தது. துணியை உதறினால் கறையே இல்லை. இதுதான் சுத்தமான சாம்பல் என்று முடிவு செய்து பையில் கட்டிக்கொண்டு வந்தேன். அன்று முதல் அந்த மூலைதான் எனக்கு.

டிரம்மில் தூவினேன், வாடை அடங்கியது. கீரையில் அசுவினிப் பூச்சி வந்தது, இலைமேல் தூவினேன், அதுவும் போனது. முளைக்கீரை, தண்டுக்கீரை, பாலக்கு என்று மாற்றி மாற்றி வந்தன. அவள் கழுவிக் கடைந்து தினமும் சாப்பிட்டாள். ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன அன்று நான் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் என் உரத்தின் பெருமையைப் பேசினேன். கேட்டவர்கள் கழன்றுகொண்டு ஓடியதுகூட எனக்குப் புரியவில்லை.

அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் வழக்கம்போல மூலைக்குப் போய்ச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தேன். சாயக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“இன்னாபா, கடைசிக் குமியில கை வச்சிக்கினு இருக்கற? அது என் மச்சான் குமிப்பா. இந்தப் பக்கம் அள்ளு.”

“சாம்பல்ல மச்சான் சாம்பல் வேறயா?” என்று சிரித்தேன்.

“பழைய பொடவை ஜரிகைய எரிச்சி வெள்ளி எடுக்கறான் இல்ல? ஈயம் போட்டுத்தான் உருக்குவான். வெள்ளி கட்டியா நின்னுக்கும், ஈயத்தயெல்லாம் சாம்பல் குடிச்சிடும். எங்க வூட்ல பாத்திரம் தேய்க்கக்கூட அத எடுக்க மாட்டாங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஏன்பா, மின்னாடியும் எடுத்துக்கினு போனியா?”

இல்லை என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வழியில் ஒரு கடை நிழலில் நின்று போனில் பார்த்தேன். ஈயம், கர்ப்பம் என்று இரண்டே வார்த்தைதான் போட்டேன். குழந்தையின் மூளை என்று படித்ததுமே போனை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். சைக்கிளில் ஏறத் தெரியாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றின்மேல் தட்டு. சோற்றின் நடுவே குழித்து ஊற்றிய கீரைக் கடையல். என் மாடிக் கீரை, காலையில் நானே பறித்துக் கொடுத்தது. தட்டில் இன்னும் நான்கைந்து வாய் இருந்திருக்கும்.

“ஏன் இப்பிடி வேர்த்துக்கினு வரீங்க? ஒக்காருங்க, போடறேன்” என்றாள்.

தட்டைப் பிடுங்கியிருக்க வேண்டும். சாப்பிடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏனென்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று பயந்தேன். இரண்டு முறை அந்த முகத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தவன் நான். ஐந்து மாதம் சாப்பிட்டாயிற்று, இன்னும் நாலு வாய்தானே என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நான் தூணில் சாய்ந்து நின்றேன். அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள்.

அன்று சாயங்காலமே செடிகளைப் பிடுங்கினேன். பூச்சி விழுந்துவிட்டது, மண்ணுக்கே நோய் என்று சொன்னேன். உரத்தையும் மண்ணையும் ஆறு சாக்கில் கட்டிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் எண்ணம். எங்கே போடுவது? குப்பை வண்டியில் போட்டால் மக்கும் குப்பை என்று மறுபடி உரம் ஆக்கி யாருக்காவது கொடுப்பார்கள். ஓரிக்கைப் பக்கம் போய்ப் பாலாற்றில் கொட்டலாம் என்றால், மணலுக்குக் கீழே ஊறும் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. வயலில் கொட்டினால் நெல். கையில் இருக்கும் ஒன்றைக் குப்பை என்று வீச இந்த ஊரில் இடமே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாக்குகள் பதினோரு நாள் அங்கேயே இருந்தன. ஒவ்வொரு முறை மாடிக்கு ஏறும்போதும் எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி ஏறினேன்.

அந்தப் பதினோரு நாளும் நான் தறியில் உட்கார்ந்து நெய்ததாகப் பேர். இழை அறுந்தது தெரியாமல் ஒரு சாண் நெய்துவிட்டுப் பிரித்தேன். குழந்தை உதைக்கிறது, வந்து கை வையுங்கள் என்று அவள் கூப்பிட்டால், கை அழுக்காக இருக்கிறது என்று போகாமல் இருந்தேன். உதை முன்பு போல வேகமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவே பயம். டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்கலாம் என்று இரண்டு முறை சுகாதார நிலையத்து வாசல் வரை போனேன், டோக்கன்கூட வாங்கினேன். என் எண்ணைக் கூப்பிட்டபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள், நெய்த புடவையைக் கொடுத்துவிட்டு வந்தால் படிக்கட்டுக்கு அடியில் வெறும் தரை. சாக்குகளைக் காணோம்.

“பால்வாடி டீச்சர் வந்தாங்க. கொழந்தைங்களுக்குத் தோட்டம் போடறாங்களாம், உரம் கெடைக்குமான்னு கேட்டாங்க. செடிக்குத்தான சீக்கு, ஒங்க உரம் தங்கமாச்சேன்னு தூக்கிக் குடுத்துட்டேன். வண்டி வச்சி எடுத்துக்கினு போனாங்க” என்றாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் தெருவெல்லாம் அடித்துக்கொண்ட பெருமை அவள் வாயில் திரும்பி வந்தது.

அப்படியே ஓடினேன். பால்வாடி அடுத்த தெருவில்தான். சுவரோரம் செங்கல் வைத்துப் பாத்தி கட்டி, கறுப்பாக என் உரத்தை நிரப்பியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து கொத்தமல்லி விதையைத் தூவி உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தன. ஒரு குழந்தை விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

“டீச்சர், கையக் கழுவச் சொல்லுங்க! எல்லாரையும் தூக்குங்க! அது வெசம்!”

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. டீச்சர் முதலில் திகைத்தார், பிறகு ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினார். நான் சோப்பைக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைத் துணி, மூலைக் குமி, மச்சான், ஈயம், ஐந்து மாதக் கீரை. பதினோரு நாளாக வராத வார்த்தைகள் கொட்டித் தீர்ந்தன. கடைசிக் குழந்தையின் கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் அவள் நின்றாள். நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

குழந்தைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“பதினோரு நாளு ஆச்சும்மா.”

விரலை மடக்கினாள். நாட்களை எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

“அன்னிக்கு வேர்த்துக்கினு வந்தீங்களே. நான் சாப்ட்டுக்கினு இருந்தேன். அப்பவே தெரியுமா?”

ஆமாம் என்றேன்.

பாத்தி மண்ணை நானே அடிவரை தோண்டி எடுத்தேன். சாக்குகள் திரும்பவும் என்னிடமே வந்தன. எங்கள் வீட்டுப் பின்னறையில் தறி இல்லாத ஒரு தறிக்குழி இருந்தது. நெய்பவன் கால் தொங்கவிட்டு உட்காரும் குழி. ஆறு சாக்கையும் அதில் இறக்கி மேலே சிமெண்ட் பூசினேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்த அறைக்குள் யாரும் படுப்பதில்லை.

சாயக்காரரிடமும் போய், முன்பே எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாளே மச்சான் குமியைச் சுற்றித் தகரம் அடித்தார்.

டாக்டரம்மா திட்ட வேண்டிய அளவு திட்டிவிட்டு, அவள் ரத்தத்தையும் மண்ணைத் தொட்ட குழந்தைகளின் ரத்தத்தையும் சென்னைக்கு அனுப்பினார். குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு மட்டும் அளவு கொஞ்சம் கூடுதல், இனிமேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் பயப்பட வேண்டாம் என்றார்கள். பயப்பட வேண்டாம் என்று என்னிடம் சொன்னவர்களுக்கு என்னைத் தெரியாது. பிரசவ அறைக்கு வெளியே, அழுகைச் சத்தம் கேட்கும்வரை நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை.

மகளுக்கு இப்போது நாலு வயது. அதே பால்வாடிக்குப் போகிறாள். வாய் ஓயாமல் பேசுகிறாள், எண்களைத் தலைகீழாகச் சொல்கிறாள். ஒரு எண்ணைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்வேன். மாடியில் மறுபடி டிரம் வைத்திருக்கிறேன். என்னென்ன போட்டேன் என்று சாக்பீஸால் டிரம்மின் மேலேயே எழுதி வைக்கிறேன். சாம்பல் சேர்ப்பதில்லை.

மனைவி அந்த நாளைப் பற்றி ஒருமுறைகூட எடுத்துப் பேசியதில்லை. என் பல்லிப் பயத்தைச் சொல்லிச் சிரிப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். நான் சமைத்த எதையும் வேண்டாம் என்றதுமில்லை. தட்டில் நான் எதை வைத்தாலும், சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கணம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். எனக்கு வேர்த்திருக்கிறதா என்று பார்க்கிறாள். பிறகு சாப்பிடுவாள்.

போன வாரம் கீரை பிசைந்து மகளுக்கு ஒரு வாய் நீட்டினேன். வாயை மூடிக்கொண்டு அவளும் என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.