ஹைதராபாத் போக வேண்டிய கட்டுச்சோறு

போன வாரம் கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் கொஞ்ச நேரம் நான் ஒரு வீரனாக இருந்தேன்.

வாராவாரம் என்னைப் படிக்கிற உங்களுக்கு இது நம்ப முடியாத செய்திதான். கேஸை மூடினோமா என்று பார்க்க, பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தவன் நான். எட்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இங்கிலீஷ் போர்டைப் பார்த்தால் முதலில் துணைக்கு ஆள் தேடுவேன். அப்புறம்தான் எழுத்து தெரியும். இவன் எங்கே வீரனாவது?

சொல்கிறேன்.

என் மகள் ஹைதராபாத்தில் இருக்கிறாள். ஏழாம் மாசம். எங்கள் பக்கம் மாசமாக இருக்கிற பெண்ணுக்கு அம்மா வீட்டிலிருந்து வகைவகையாகச் சோறு கிளறி, கட்டிக்கொண்டு போய்ப் போடவேண்டும். கட்டுச்சோறு என்று பேர். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சம்பழச்சோறு, தயிர்ச்சோறு... ஓட்டலில் ஆர்டர் போட்டு இறக்கினால் கணக்கில் சேராது. அம்மா கையால் ஆனதாக இருக்கவேண்டும்.

பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருந்தால் காரில் மடிமேல் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஹைதராபாத்துக்கு? விமானம்தான். மத்தியானப் பந்திக்குச் சோறு அங்கே இருந்தாக வேண்டும். சம்பந்தி வீட்டு ஜனம் முதல் நாளே ரயிலேறிப் போய்க் காத்திருக்கிறது.

என் சம்சாரம் சரசு விடியும் முன்பே எழுந்து எல்லாவற்றையும் கிளறி, ஆறவைத்து, தூக்குப்போசிகளில் அடைத்து, ஒரு அட்டைப்பெட்டிக்குள் இறக்கிவிட்டாள். என்ன பெட்டி? கிரைண்டர் வந்த பெட்டிதான். எங்கள் ஊரில் கிரைண்டர் பழசானால் எடைக்குப் போட்டுவிடுவோம்; பெட்டியைப் போடமாட்டோம். சுற்றி மஞ்சள் நைலான் கயிறு. நான் மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு போனேன் — பெட்டியின் எல்லாப் பக்கமும் பேர் எழுத.

சரசு விடவில்லை. "சீர்ப் பெட்டியில ஆராச்சும் பேரு எழுதுவாங்களா? சம்பந்தி ஊட்ல பாத்தா சிரிக்க மாட்டாங்க?"

பேனாவை மூடிவிட்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்போர்ட்டில் முன்பெல்லாம் கவுன்டரில் ஒரு பெண் இருப்பாள். டிக்கெட்டைக் கொடுத்தால் பெட்டிக்கு அவளே ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே தள்ளுவாள். இப்போது வழக்கம் மாறியிருக்கிறது. முதலில் மிஷினிடம் போக வேண்டுமாம். போர்டிங் பாஸை நாமே எடுத்து, பெட்டிக்கு ஸ்டிக்கரையும் நாமே ஒட்டி, அப்புறம்தான் கவுன்டராம்.

வரிசையாக மிஷின்கள். முன்னால் ஒரு கூட்டம். ஆனால் மிஷினைத் தொட ஆளில்லை.

"நீங்க போங்க."

"பரவால்லீங்க, நீங்க மொதல்ல போங்க."

"அட, நாங்க சும்மாதானுங்க நிக்கறோம்... நீங்க பாருங்க."

இது மரியாதையா, பயமா? எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சட்டைதான். மிஷின் பாவம், யாராவது தொடுவார்கள் என்று திரையில் கையைக் காட்டிக் காட்டிக் களைத்துவிட்டது.

நான் போனேன். தைரியம் இல்லை... பயிற்சி. மகள் ஒரு வாரமாக வீடியோ காலில் பாடம் நடத்தியிருந்தாள். எங்கே அமுக்க வேண்டும், எந்த நம்பரை அடிக்க வேண்டும் என்று குளிக்கும்போதுகூட மனப்பாடம் செய்திருந்தேன். அடித்தேன். அமுக்கினேன். போர்டிங் பாஸ் வந்தது. பின்னாலேயே ரிப்பன் மாதிரி நீளமாக ஸ்டிக்கர் வந்தது. அதில் என் பேர்! பரீட்சையில் பாஸான சந்தோஷத்தை முதன்முதலாக அனுபவித்தேன்.

பக்கத்தில் ஒரு குரல். "ஏனுங்கண்ணா, நமக்கும் கொஞ்சம் போட்டுக் குடுக்கறீங்களா?"

சூலூர் அம்மா ஒருவர். மும்பையில் வேலை பார்க்கிற மகனைப் பார்க்கத் தனியாகப் போகிறார். என்னைவிட அதிகமாகப் பயப்படுகிற ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. அவருக்கும் பாஸ் எடுத்துக் கொடுத்தேன். அவருடைய ஸ்டிக்கரும் வந்தது. அவர் பெட்டியைத் தூக்கி எங்கள் தள்ளுவண்டியிலேயே வைக்கச் சொன்னேன்.

அவர் பெட்டி என்ன பெட்டி என்று நினைக்கிறீர்கள்?

கிரைண்டர் பெட்டி. மஞ்சள் நைலான் கயிறு.

"உங்களுதை மொதல்ல ஒட்டிப்போடறனுங்க" என்றேன். "சீர்ப் பெட்டிங்ண்ணா, உங்களுதுதான் மொதல்ல" என்றார். நான் மறுக்க, அவர் மறுக்க... அதற்குள் சரசு, வந்தவர்களுக்கு முதலில் செய்வதுதானே முறை என்று, சூலூர் அம்மாவின் பெட்டி என் கைக்கு வாகாக இருக்கட்டும் என வண்டியைச் சுற்றித் திருப்பி வைத்துவிட்டாள். அதே சமயம் நான் சூலூர் அம்மாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, என் ஸ்டிக்கரை எடுத்துக் கைக்கு வாகாக இருந்த பெட்டியின் கயிற்றில் சுற்றி, நன்றாக அழுத்தி ஒட்டினேன். மிச்சமிருந்த பெட்டிக்கு அவருடைய ஸ்டிக்கர்.

மூன்று பேரும் விட்டுக்கொடுத்தோம். விளைவு என்ன என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்குப் புரியவில்லை.

கவுன்டர் பெண் இரண்டு ஸ்டிக்கரையும் ஸ்கேன் செய்து, பாஸோடு ஒத்துப் பார்த்தாள். பேருக்குப் பேர் சரி. அவள் என்ன செய்வாள்? உள்ளே இருப்பது புளிச்சோறா பொடி டப்பாவா என்று ஸ்டிக்கர் சொல்லுமா? ரப்பர் திரைக்குப் பின்னால் பெட்டிகள் மறைகிற வரைக்கும் நின்று பார்த்தேன் — அது என் வழக்கம். சூலூர் அம்மாவும் சரசுவும் போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். அது அவர்கள் வழக்கம்.

ஹைதராபாத்தில் பெட்டி வந்தது. சரசு அதைப் பார்த்த பார்வையே சரியில்லை.

"ஏனுங்க, இது நான் போட்ட முடிச்சு இல்லீங்களே."

நான் ஸ்டிக்கரைக் காட்டினேன். பார், என் பேர், ஹைதராபாத், எல்லாம் அச்சில் இருக்கிறது என்றேன். வாழ்க்கை முழுக்க எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், அன்றைக்கு ஒரு நாள் சந்தேகப்படவில்லை. பாஸான திமிர்!

மகள் வீட்டில் கயிற்றை அறுத்தோம். தூக்குப்போசி இல்லை. சோறு இல்லை. பாட்டில் பாட்டிலாக, டப்பா டப்பாவாக ஏதோ இருந்தது.

சோறு போச்சு. பந்திக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. அடுத்தவர் பெட்டியைத் தூக்கிவந்ததற்குப் போலீஸ் வருமா? ஏழாம் மாசத்தில் மகள் மனசு சங்கடப்படலாமா? என் மூளை ஒரே சமயத்தில் பத்துத் திசையில் ஓடியது. சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். அவர் குரலில் தேன் இருக்கும். தேனுக்குள் தேனீயின் கொடுக்கும் இருக்கும்.

"ஏனுங்க, சோறு வருதுன்னு சொன்னீங்க. பொடியாத்தான் வந்துருக்குதுங்களா?"

சரசு பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்தாள். புளிக்காய்ச்சல். எள்ளுப்பொடி. பருப்புப்பொடி. நெய். அடியில் நாலைந்து தேங்காய், ஒரு பை எலுமிச்சம்பழம். மும்பையில் தேங்காயும் எலுமிச்சம்பழமும் கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் மகன் வீட்டுக்கு வெறும் பொடியோடு போக எந்தக் கொங்கு அம்மாவுக்கு மனசு வரும்?

சரசு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"கண்ணு, பெரிய குக்கர்ல அரிசி போடு. தயிர் மட்டும் கடையில வாங்கியாறச் சொல்லு."

"அம்மா வீட்டு அடுப்புல ஆகணும்னு சொல்லுவாங்களே..." என்று மகள் இழுத்தாள்.

"அடுப்பு எதா இருந்தா என்ன? கை என்னுதுதான?"

தேங்காய் துருவுகிற வேலையைச் சம்பந்தியம்மாவே வாங்கிக்கொண்டார். பந்தி அரை மணி நேரம்தான் தள்ளிப்போனது. இலையில் ஐந்து சோறும் விழுந்தன. சுடச்சுட! கட்டுச்சோறு வரலாற்றிலேயே ஆவி பறக்கக் கட்டுச்சோறு சாப்பிட்ட முதல் பிள்ளைத்தாய்ச்சி என் மகளாகத்தான் இருக்கும்.

நடுவில் சூலூர் அம்மாவின் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். அழுதுவிடுவார் போலிருந்தது. மகனும் அவனோடு ரூமில் இருக்கிற பையன்களுமாகப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள்.

"உங்க பொண்ணு சோறுங்ண்ணா... தொடவும் முடியல, வீசவும் முடியல. என்னுங்க பண்றது?"

சரசு போனை வாங்கினாள். "கட்டுன சோறு திரும்பக் கூடாதுங்க. பசங்களுக்குப் போடுங்க. உங்க பொடியத்தான் நாங்க இங்க கெளறிப்போட்டம்."

அப்புறம்தான் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கல்யாணமாகாத நாலு பையன்கள், மும்பையில் ஒரு ரூமில் உட்கார்ந்து, முறைப்படி ஏழாம் மாசக் கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். தயிர்ச்சோறு மட்டும் இரண்டு ரவுண்டு போனதாம்.

யார் மேல் தப்பு? மிஷின் கேட்டதற்கு ஒழுங்காகத்தான் ஸ்டிக்கர் கொடுத்தது. அந்த மிஷினைச் செய்தவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள் — திருடனை, குறும்புக்காரனை, அவசரக்காரனை. ஆளாளுக்கு அடுத்தவர் பெட்டிக்கு வழிவிடுகிற ஊர் ஒன்று இருக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் பந்தியில் என் மகள் ஒரு வாய் எள்ளுச்சோற்றைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சொன்னாள்.

"அம்மா, இந்தத் தடவ எள்ளுச்சோறு எப்பவும் இல்லாத ருசியா இருக்குது."

நான் இலையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. சம்பந்தியம்மா ரொம்ப மெதுவாக மென்றார். சரசு மகளுக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பினோம். ஹைதராபாத் ஏர்போர்ட்டில் காலிப் பெட்டிக்கு நானே ஸ்டிக்கர் எடுத்தேன். சரசு என் பையிலிருந்த மார்க்கர் பேனாவை எடுத்து நீட்டினாள். பெட்டியின் எல்லாப் பக்கமும் பேர் எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், கடைசிப் பக்கம் எழுதும்போது குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னாள்.

"ஏனுங்க... அந்த சூலூரம்மா எள்ள எப்படி வறுத்தாங்கன்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க. நீங்களா கேக்கற மாதிரி கேளுங்க."