பறவைகள் கலைந்ததற்குக் காரணம்

எழுத்து மேலும் கீழும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம்தான் எழுதக் கற்றேன்.

அல்சூர் ஏரியில் இந்த சீசனுக்கு எனக்கு வேலை. திவ்யா மேடம் ட்ரோனில் வீடியோ எடுத்து நீர்ப்பறவைகளை எண்ணுவார். பருந்து வந்தால் நான் வாயால் சொல்ல வேண்டும்; பறவைகள் கலைந்தால் காரணத்தை நோட்டில் எழுத வேண்டும். ஆனால் அசையாமல் உட்கார வேண்டும். அதுதான் எனக்கு வராது. இன்னொரு தடவை பறவைகளைக் கலைத்தால் வேறு ஆள் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

இன்று பருந்து ட்ரோன்மேல் பாய்ந்தது. துண்டை வீசிக்கொண்டு ஓடினேன். பருந்து போனது. கூழைக்கடாக்களும் மொத்தமாகப் பறந்துவிட்டன.

"நோட்டுல காரணம் பருந்துன்னு எழுதிடுங்க தாத்தா. வேலை தப்பிக்கும்," என்றார் மேடம்.

எழுத வந்ததே இப்போதுதான், அதிலும் பொய்யா? மெதுவாக எழுதினேன்: "நான்."

மேடம் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்கு உங்கள சேர்ல கட்டிப் போட்டுத்தான் ட்ரோனை விடுவேன்."

முடிச்சைத் தளர்வாகப் போடச் சொல்லி யாராவது சிபாரிசு செய்யுங்களேன்.